கப்பலின் நோயறை



கரையில் வாழும் நமக்கு உடல்நலம் கெட்டால், எந்த மருத்துவரிடம் போகலாம் என்று யோசிக்கிறோம். நடுக்கடலில் இருப்பவன் எண்ணிப் பார்ப்பது நேரத்தை. மருத்துவர் கைக்கு எட்ட இன்னும் எத்தனை மணி நேரம் ஆகும், அதுவரை இந்த மனிதனை எதைக்கொண்டு காத்து வைப்பது என்பதே அவனுடைய கவலை. கப்பலில் நோயறை என்று ஓர் அறை இருக்கிறதே, அதிலுள்ள கட்டிலும் அலமாரியும் சிலிண்டரும் குப்பிகளும் இந்தக் கவலைக்கு மனிதர் பல தலைமுறைகளாகத் தேடிச் சேர்த்த விடைகள். அவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

நான் மருத்துவன் அல்லன். கப்பல் அதிகாரியாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சரக்குக் கப்பல்களில் பொதுவாக மருத்துவர் இருப்பதில்லை என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஏறி, மூன்று நாட்களுக்கு மேல் நீடிக்கும் பன்னாட்டுப் பயணங்களில் வழக்கமாக ஈடுபடும் கப்பலில்தான் தகுதிபெற்ற மருத்துவர் கட்டாயம் என்பது சர்வதேச விதி. இருபது பேர் உள்ள கப்பலில் மருந்தறைச் சாவி பெரும்பாலும் இரண்டாம் அதிகாரியிடம் இருக்கும். வழி வகுப்பதும் கடல் வரைபடங்களைத் திருத்துவதும் அவருடைய தொழில்; சில நாட்களில் பெற்ற பயிற்சியின் பலத்தால் அவரே அரை வைத்தியராகவும் ஆகிவிடுகிறார். அப்படி ஆனவர்களில் நானும் ஒருவன்.

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மும்பைக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடியிலிருந்து எண்ணெய் எடுக்கும் இடத்தில் எங்கள் கப்பல் இருந்தது. இன்று மும்பை ஹை என்று வழங்கும் அந்த இடத்துக்கு அப்போது பம்பாய் ஹை என்று பெயர். அங்கே 1974இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. கடலில் கால் ஊன்றி நிற்கும் இரும்பு மேடைகளுக்கு உணவு, குடிநீர், குழாய்கள், சிமெண்டு முதலியவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அத்தகைய சிறு கப்பலின் பின்தளம் அலைக்குள் முழுகி முழுகி எழும்.

ஒருநாள் நள்ளிரவு. தளத்தில் கட்டியிருந்த இரும்புப் பெட்டி ஒன்றின் சங்கிலி தளர்ந்தது. அதை இறுக்கப் போன மாலுமி ஒருவர், பெட்டிக்கும் கப்பலின் பக்கச் சுவருக்கும் இடையே அகப்பட்டுக்கொண்டார். இராமநாதபுரம் பக்கத்து இளைஞர். வயது இருபத்து நான்கு. மீட்டபோது நினைவு இருந்தது. ஆனால் மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. விலா எலும்புகள் முறிந்திருந்தன.

காயம்பட்டவரைத் தளத்திலிருந்து அறைக்குக் கொண்டுவருவதே கப்பலில் பெரும்பாடு. கரையிலுள்ள மருத்துவமனைகளில் காணும் சக்கர வண்டி அங்கே பயன்படாது. செங்குத்தான படிக்கட்டு, குறுகிய வாயில், சாய்ந்தாடும் தரை. இதற்காகவே நீல் ராபர்ட்சன் ஸ்டிரெச்சர் என்று ஒன்று உண்டு. தடித்த கான்வாஸ் துணியில் மூங்கில் பட்டைகளையோ மரப்பட்டைகளையோ வரிசையாகத் தைத்திருப்பார்கள். ஆளை அதில் கிடத்திப் பாயைச் சுருட்டுவதுபோல் சுற்றிக் கட்டிவிட்டால், நட்டுக்குத்தலாகவும் தூக்கலாம். கயிற்றில் தொங்கவிடவும் செய்யலாம். பார்ப்பதற்கு மிகப் பழைய பொருள்போல் தோன்றும். அதைவிடச் சிறந்ததைக் கடலில் நான் கண்டதில்லை. மார்பின் மேல் வரும் பட்டையை மட்டும் தளர்த்திக் கட்டி அவரைக் கொண்டுவந்தோம்.

நோயறைக் கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. ஆகவே ஒருவர்தான் அவருக்கு அருகில் நிற்க முடிந்தது. நல்ல நோயறையில் கட்டிலின் இரு பக்கமும் ஆள் நிற்க இடம் இருக்கவேண்டும் என்பதை ஏட்டில் படித்திருந்தேன். ஏன் என்பதை அன்றுதான் கண்டேன்.

பிராணவாயு சிலிண்டர்கள் இரண்டு இருந்தன. இரண்டும் நிறைந்திருந்தன. முகமூடி இருந்தது, குழாய் இருந்தது. சிலிண்டரின் வால்வைத் திறக்கும் சிறு சாவி இல்லை. அதை யாரோ வேறு ஏதோ வேலைக்கு எடுத்துப்போய், எடுத்த இடத்தில் வைக்க மறந்திருந்தார்கள். முந்தைய வாரம் நான் அந்த அலமாரியைச் சோதித்துப் பட்டியலில் கையெழுத்திட்டிருந்தேன். "பிராணவாயு சிலிண்டர் இரண்டு, நிறைந்தவை" என்று எழுதியிருந்தேன். சாவியைப் பட்டியலில் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

தலைமைப் பொறியாளர் ஓடி வந்தார். வந்தவர் வால்வைத் தொடுவதற்குமுன் சோப்பிட்டுக் கைகழுவினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் செய்தது சரி. அழுத்தப்பட்ட பிராணவாயு வரும் வாயிலில் எண்ணெய்ப் பசை பட்டால் தீப்பற்றக்கூடும். இயந்திர அறையில் வேலை செய்பவரின் கையில் எண்ணெய் இல்லாமல் இராது. தம்மிடமிருந்த கருவியைக்கொண்டு அவர் வால்வைத் திறந்தபோது பதினொரு நிமிடம் கழிந்திருந்தது. அந்தப் பதினொரு நிமிடமும் அந்த இளைஞர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். நாங்கள் வைத்திருந்த சிறு சிலிண்டர் ஒவ்வொன்றின் கொள்ளளவு 2 லிட்டர். அதனுள் பிராணவாயு 200 பார் அழுத்தத்தில், அதாவது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கில் அடைக்கப்பட்டிருக்கும். வெளியே வந்தால் அது 400 லிட்டர் ஆகும். இரண்டுக்கும் சேர்த்து 800 லிட்டர். மூச்சுத் திணறுபவருக்கு முகமூடி வழியாக நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால், 80 நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோகும். பொழுது விடியவோ ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

இன்று ஆபத்தான சரக்கு ஏற்றும் கப்பல்களுக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டி, நோயறையில் 40 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய சிலிண்டர் ஒன்று, இருவருக்கு ஒரே நேரத்தில் கொடுக்கத்தக்க அமைப்புடன் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்கிறது. அதனோடு, தூக்கிச் செல்லத்தக்க 2 லிட்டர் சிலிண்டர் ஒன்றும், அதற்கு மாற்று ஒன்றும். பெரியதில் 8,000 லிட்டர். மேலே போட்ட கணக்கையே போட்டுப் பாருங்கள்: பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். பட்டியலில் அந்த 40 என்னும் எண்ணைப் படிப்பவர்களுக்கு அது வெறும் எண். எனக்கு அது ஓர் இரவு.

எங்களுக்கு இரண்டு மைல் தொலைவில் எண்ணெய் மேடை ஒன்று விளக்குகளோடு நின்றது. அதில் மருத்துவர் இருந்தார். வானொலித் தொலைபேசியில் அவரை அழைத்தோம். அவர் நாடித்துடிப்பையும் மூச்சு எண்ணிக்கையையும் கேட்டார். உதட்டின் நிறத்தைக் கேட்டார். சாய்த்து உட்காரவைக்கச் சொன்னார். முதல் இருபது நிமிடம் 10 லிட்டர் வீதம் கொடுத்துவிட்டுப் பிறகு மூக்குக் குழாய் வழியாக 2 லிட்டராகக் குறைக்கச் சொன்னார். வலி பொறுக்கமுடியாமல் இருந்தது. வலியை அடக்கும் மார்ஃபின் கேப்டனின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அது மூச்சைத் தளரச் செய்யும் மருந்து; இவருக்கோ மூச்சே குறை. ஆகவே மருத்துவர் அதை மறுத்து, வேறு மருந்து சொன்னார். பெட்டியில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடக் கூடாது என்பது அரை வைத்தியன் கற்கவேண்டிய கடினமான பாடம்.

நான் கேப்டனிடம் ஓடினேன். மேடையின் அடியில் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்தினால், அங்குள்ள பாரந்தூக்கி கூடையை இறக்கும். அதில் ஏற்றி மேலே அனுப்பிவிடலாம் என்றேன். கேப்டன் கடலைப் பார்த்தார். "இந்த அலையில் மேடைக்கு அருகே போகமாட்டேன். விடியட்டும்" என்றார். நான் மறுபடியும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை படுத்திருந்தால் இப்படிச் சொல்வாரா என்று என் மனம் அவரைச் சபித்தது.

இருபது நிமிடத்தில் 200 லிட்டர் போயிற்று. எஞ்சிய 600 லிட்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம், ஐந்து மணி நேரம் வந்தது. காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு அதுவும் ஓய்ந்தது. ஆறரை மணிக்குக் காற்றுச் சற்றுத் தணிய, ஹெலிகாப்டர் வந்து அவரை ஸ்டிரெச்சரோடு தூக்கிச் சென்றது. பிழைத்துக்கொண்டார். இடைப்பட்ட ஐம்பது நிமிடத்தைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

அன்றிரவு எங்களுக்குக் கிட்டிய மிகப் பெரிய மருத்துவக் கருவி எது என்று கேட்டால், வானொலி என்பேன். இந்த நிலையத்தில் உட்கார்ந்து இதைச் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. 1920இல் நியூயார்க்கில் மாலுமிகள் நலனுக்கான ஒரு திருச்சபை நிறுவனம், கடலிலுள்ள கப்பல்களுக்கு வானொலி வழியாக மருத்துவ யோசனை சொல்லத் தொடங்கியது. 1935இல் ரோம் நகரில் குயிடோ குயிடா என்னும் மருத்துவர் இதற்கென்றே ஒரு நிலையத்தை நிறுவினார். வானொலியின் தந்தையருள் ஒருவரான மார்க்கோனியே அதன் முதல் தலைவராக இருந்தார். எந்த நாட்டுக் கொடி பறக்கும் கப்பலானாலும், இத்தகைய யோசனை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கவேண்டும் என்பது இன்று சர்வதேச உடன்படிக்கை. மொழி தெரியாதவர்களுக்காக எழுத்துக் குறியீடுகளும் உள்ளன. எம்-ஏ-ஏ என்னும் மூன்று எழுத்து, "அவசர மருத்துவ யோசனை வேண்டுகிறேன்" என்று எந்த நாட்டவனுக்கும் பொருள்படும்.

வானொலிக்கு முந்திய காலத்தில் மருந்துப்பெட்டியே கதி. 1617இல் இங்கிலாந்தில் ஜான் உடால் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் இளம் வைத்தியர்களுக்காக ஒரு நூல் எழுதினார். பெட்டியில் இருக்கவேண்டிய கத்தி, இரம்பம், மருந்து எல்லாவற்றையும் அதில் வரிசைப்படுத்தினார். ஈறுகள் வீங்கி, பழைய புண்கள் திறந்து மாலுமிகள் மடியும் ஸ்கர்வி நோய்க்கு எலுமிச்சைச் சாறு நல்லது என்றும் எழுதிவைத்தார். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கடற்படை வைத்தியர், பன்னிரண்டு நோயாளிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இருவருக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துச் சோதித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர். அதற்குப் பின்னும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக ஏற்றுக்கொள்ள 1795 ஆயிற்று. உடால் எழுதியதிலிருந்து கணக்கிட்டால் 178 ஆண்டுகள். இடையில் இறந்தவர்கள் எத்தனை ஆயிரவரோ!

அமெரிக்காவில் 1790இல் ஒரு சட்டம் வந்தது. 150 டன்னுக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத கப்பல் அந்நிய நாட்டுக்குப் புறப்பட்டால், பெயர்பெற்ற மருந்து வணிகர் ஒருவர் கட்டிக்கொடுத்த மருந்துப்பெட்டியும், பயன்படுத்தும் முறைக் குறிப்பும் அதில் இருக்கவேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறையேனும் பெட்டியைச் சோதித்துப் புதுமருந்து நிரப்பவேண்டும். இன்றைய விதியும் சோதனைக்குப் பன்னிரண்டு மாதமே உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. 1868இல் கேப்டன்களுக்காகவே ஒரு மருத்துவக் கையேடு இங்கிலாந்தில் வெளிவந்தது. 1967இல் உலகச் சுகாதார நிறுவனம் முதலியவை சேர்ந்து உலகக் கப்பல்கள் அனைத்துக்கும் பொதுவான கையேட்டை வெளியிட்டன. அதன் மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது.

பெட்டி போதாமல் போனால் மனிதன் என்ன செய்வான் என்பதற்கு ஒரு கதை உண்டு. கேட்டால் சிலிர்க்கும். 1942 செப்டம்பர் 11ஆம் நாள், தென்சீனக் கடலின் அடியில் சீடிராகன் என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல். பத்தொன்பது வயது மாலுமி ஒருவருக்குக் குடல்வால் அழற்சி. கப்பலில் மருத்துவர் இல்லை. வீலர் லைப்ஸ் என்னும் இளம் மருந்தாளுநரே இருந்தார். மேலே பகைவர் கடல். சாப்பாட்டு மேசைமேல் கிடத்தி அவர் அறுவை செய்தார். புண்ணின் வாயை விரித்துப் பிடிக்க வளைத்த கரண்டிகள். மயக்க மருந்து கொடுக்கத் தேநீர் வடிகட்டி. கருவிகளைத் தூய்மை செய்ய டார்பிடோக் குண்டின் ஆல்கஹால். இளைஞர் பிழைத்தார். ஆனால் கடற்படையின் மருத்துவ மேலிடம் இதைக் கொண்டாடவில்லை. லைப்ஸுக்குப் பதக்கம் 2005இல்தான் கிடைத்தது. நான் மேலிடத்தின் பக்கம். ஒருவர் வென்றதைப் பார்த்துப் பத்துப்பேர் கரண்டியை எடுத்தால் என்ன ஆகும்? இன்றைய கப்பலில் இந்நோய் வந்தால் வாய்வழி உணவை நிறுத்தி, கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, வானொலியில் மருத்துவரைக் கேட்டு, கரைக்கு அனுப்ப வழிதேடுவதே முறை. கத்தி இருக்கிறது என்பதற்காக அறுப்பதில்லை.

2006இல் ஜெனிவாவில் நிறைவேறி, 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பதினைந்து பேருக்குக் குறையாமல் மூன்று நாட்களுக்கு மேல் பயணம் செய்யும் கப்பலில் மருத்துவத்துக்கென்றே தனியறை வேண்டும் என்கிறது. இந்தியா இதை 2015இல் ஏற்றது. "மருத்துவத்துக்கென்றே" என்ற சொல்லுக்கு ஒரு காரணம் உண்டு. வேறு எதற்கும் பயன்படாத அறை கப்பலில் கண்ணை உறுத்தும். கயிற்றுச் சுருள், காகிதக் கட்டு, கூடுதலாக ஏறிய விருந்தாளி என்று எதையேனும் அங்கே திணித்துவிடுவார்கள். அறைக்கெனத் தனிக் கழிப்பிடமும் தண்ணீரும் வேண்டும் என்பது, தொற்றுநோயாளி மற்றவரோடு கலக்காமலிருப்பதற்காக.

கடலடியில் வேலை செய்யும் முக்குளிப்போரை ஏற்றிய கப்பல்களில் நிலைமை இன்னும் விசித்திரமானது. ஆழ்கடலின் அழுத்தத்திலேயே அவர்கள் பல நாள் ஓர் இரும்பு அறைக்குள் வசிக்கிறார்கள். நூறு மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் இருப்பவர் வெளியே வர நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். அவசரப்பட்டுத் திறந்தால் இறந்துபோவார். மருத்துவர் கண்ணாடிக்கு இப்பால் நிற்கிறார், நோயாளி ஐந்து அடி தூரத்தில் இருக்கிறார், தொட முடியாது. மருந்து சிறு இரட்டைக் கதவுப் பொந்து வழியாக உள்ளே போகவேண்டும். இரப்பர் மூடியுள்ள குப்பியை அப்படியே அனுப்பினால், அழுத்தம் மூடியை உள்ளே தள்ளிவிடும். முன்னதாக ஊசியால் துளைத்து அனுப்பவேண்டும். பாதரச வெப்பமானி உடைந்தால் அடைபட்ட அறை நஞ்சாகும். ஆகவே பாதரசக் கருவிகளுக்கு அங்கே இடமில்லை. நாடித்துடிப்பு நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி இன்று பல கப்பல்களில் இருக்கிறது. அழுத்த அறைக்குள் அதைப் பொதுவாகக் கொண்டுபோக இயலாது. எனவே உள்ளே இருப்பவருள் சிலர் மருத்துவப் பயிற்சி பெற்றவர்களாக இருக்கவேண்டும்.

இனி 2005ஆம் ஆண்டுக்கு வருகிறேன். ஜூலை 27. முந்திய நாள்தான் மும்பை நகரமே மழைவெள்ளத்தில் மூழ்கியிருந்தது. மும்பை ஹை பகுதியில் சமுத்ர சுரக்ஷா என்ற பல்நோக்குத் துணைக்கப்பலில், சமையற்காரர் ஒருவரின் இரு விரல்களின் நுனி துண்டிக்கப்பட்டது. மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வர இயலவில்லை. அவரைக் கூடையில் ஏற்றி மேடைக்கு அனுப்பக் கப்பல் மேடைக்கு அருகே சென்றது. கப்பலைத் திருப்பும் விசைப்பொறி ஒன்றில் கோளாறும் இருந்தது. சமையற்காரர் பத்திரமாக மேலே போய்விட்டார். கப்பல் விலகும் சமயத்தில் பெரிய அலை ஒன்று அதைத் தூக்கி மேடையின்மீது மோதவைத்தது. எரிவாயு ஏறும் குழாய் உடைந்தது, தீப்பிடித்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அந்த மேடை முழுதும் உருகிக் கடலில் சரிந்தது. 362 பேர் மீட்கப்பட்டனர். 22 பேர் மாண்டனர். அக்கப்பலின் அழுத்த அறைக்குள் ஆறு முக்குளிப்போர் இருந்தனர். ஒன்றரை நாள் கழித்து அவர்கள் உயிரோடு மீட்கப்பட்டனர்.

யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. காற்று, பொறிக்கோளாறு, காப்பில்லாத குழாய் என்று பல காரணங்கள் ஒன்றுசேர்ந்த விபத்து அது. கண்முன் இரத்தம் வடிய நிற்கும் தோழனுக்கு உதவ யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் பதினோரு ஆண்டுகளுக்குமுன் அப்படித்தான் நினைத்தேன். நோயாளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதும் கடலில் ஓர் ஆபத்து. சில வேளைகளில் நோயைவிடப் பெரிய ஆபத்து. அவரை இருக்குமிடத்திலேயே விடியும்வரை வைத்துக்கொள்ள வசதி செய்வதற்குத்தான் அந்த அறையும் அந்த 40 லிட்டர் சிலிண்டரும். அவை இல்லாத இரவில்தான் நான் மேடைக்கு அருகே போகச் சொன்னேன். எங்கள் கப்பலில் பதினான்கு பேர். அந்த மேடையில் எத்தனையோ பேர்.

அச்செய்தியைப் படித்த அன்று, ஓய்வுபெற்றுத் தம் ஊரில் இருந்த அந்தக் கேப்டனுக்குக் கடிதம் எழுதினேன். அன்றிரவு அவரை மனத்துக்குள் சபித்ததையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. சரியான முடிவுதானா என்ற உறுதி அன்று தமக்கும் இருந்ததில்லை என்றும், ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்குச் சிலிண்டர் ஓய்ந்தபோது கப்பலைத் திருப்பச் சொல்ல இரண்டுமுறை வாயெடுத்து அடக்கிக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், வால்வுச் சாவியை இப்போது சிலிண்டரோடு சங்கிலியில் கட்டுகிறார்களா என்று விசாரித்திருந்தார்.

கட்டுகிறார்கள். நான் பிறகு ஏறிய கப்பல்கள் எல்லாவற்றிலும் முதல் நாளே அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.